தச்சு கழிச்ச வீடு

இது கதை இல்ல. கதை சொல்லுத பழக்கமும் எனக்குக் கிடையாது. நான் ஒரு பி.டி. வாத்தியார். விசில் ஊதி, பிள்ளைகளை வெயில்ல ஓட விடுத ஆளு. பேய் பிசாசுன்னு எவனாவது கதை அளந்தா, "கிரவுண்டை ரெண்டு சுத்து சுத்திட்டு வாலே, எல்லாம் தெளிஞ்சிரும்"னு விரட்டினவன். நம்ப முடியாதவங்க தென்காசியில இறங்கி, இலஞ்சிக்கு வந்து, முத்துகுமரன் மாஸ்டர் வீடு எங்கன்னு கேளுங்க. யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. உள்ள வந்து சுவத்தைத் தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

போன வருசம் நடந்தது. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல.

எனக்கும் என் வீட்டுக்காரி குழலிக்கும் கல்யாணமான நாள்லேர்ந்து வாடகை வீடுதான். முழுப் பேரு குழல்வாய்மொழி. குத்தாலத்து அம்மன் பேரு. ஆளு என் தோளுக்குக்கூட எட்ட மாட்டா. "ஏட்டி அரைப்படி"ன்னுதான் கூப்பிடுவேன். "நீங்க பனைமரம். என்ன பிரயோசனம்? நிழலும் கிடையாது"ம்பா. நடக்க மாட்டா, பறப்பா. வாசல்ல செருப்பு கழட்டுத சத்தம் கேக்கும், மறு நிமிசம் அடுப்படியில பாத்திரம் உருளும். அப்பிடி ஒரு துறுதுறுப்பு.

சொந்த வீடுங்கிறது அவ ஆசை. இலஞ்சியில மனை வாங்கிட்டு, சிவசைலம் அண்ணாச்சியைப் பிடிச்சோம். அவரு இன்ஜினியரு. பிளான் போடுததுல இருந்து சாவி குடுக்குத வரைக்கும் எல்லாம் அவரு பொறுப்பு. ஆனா ஒருத்தருக்குக் கட்டுன வீட்டை இன்னொருத்தருக்குக் கட்ட மாட்டாரு. முதல்ல உக்கார வச்சுக் கேள்வி கேப்பாரு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவன்கூட அவ்வளவு கேக்க மாட்டான்.

"காலையில யாரு முதல்ல எந்திரிக்கது?"

"நான்தான் அண்ணாச்சி. இவிய பள்ளிக்கூடத்துலதான் சூரரு. வீட்ல தண்ணி தெளிச்சுத்தான் எழுப்பணும்."

"சண்டை போட்டா யாரு எந்த ரூமுக்குப் போவிய?"

குழலி சிரிச்சிட்டா. "இவிய மாடிக்குப் போயிரணும். படியை வெளிய வைங்க அண்ணாச்சி. கதவைப் பூட்டிக்கிடுதேன்."

அதையும் வரைஞ்சாரு மனுசன். இன்னைக்கும் மாடிப்படி வெளியதான் இருக்கு.

மேக்க, மலையைப் பாத்த மாதிரி ஒரு சின்ன ரூம் விழுந்துச்சு. "இது என்ன ரூம்னு எழுதட்டும்?"னு பென்சிலைத் தூக்கிக்கிட்டு கேட்டாரு. ரெண்டு பேரும் பிளானையே பாத்துக்கிட்டு இருந்தோம். எங்களுக்கு ரெண்டு தடவை பிள்ளை உண்டாகித் தங்கல. ரெண்டு தடவையும் நாள் தள்ளுன உடனே ஊரு பூரா சொல்லிட்டேன். எனக்கு வாய் நிக்காது. அப்புறம் ஊரு பூரா துக்கம் கேட்டு வந்தாங்க. அதுலேர்ந்து அந்தப் பேச்சையே நாங்க எடுக்குததில்ல.

"புக் ரூம்னு போடுங்க"ன்னேன். எங்க வீட்ல மொத்தப் புத்தகமே பஞ்சாங்கத்தோட சேர்த்து நாலு.

"பேரு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. சும்மா விடுங்க"ன்னா குழலி. "பெரிய ஜன்னல் மட்டும் வைங்க. உக்காந்து மலையைப் பாக்க ஒரு திண்டு."

"மேக்க ஜன்னல் வச்சா சாரல் உள்ள அடிக்குமே தங்கச்சி."

"அடிக்கட்டும்."

தை மாசம் வாசல் நிலை வச்சோம். செல்லப்பா ஆசாரி நிலைக்குச் சந்தனம் வச்சுக் கும்பிட, குழலி மஞ்சத்துணி கட்டுனா. எட்டல. நான் தூக்கிப் பிடிச்சேன். ஊரே பாத்துச் சிரிச்சுது. அதுலேர்ந்து தினம் காலையும் சாயந்தரமும் ஸ்கூட்டியில வந்து, புதுச் சுவத்துக்கெல்லாம் அவளே ஹோஸ் பிடிச்சுத் தண்ணி விடுவா. ஆள் போட்டா வேண்டாம்பா. "பச்சைச் சுவரு. நாமதான் பாத்துக்கிடணும்"பா.

மாசி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தலை வலிக்குன்னு பாயை விரிச்சுப் படுத்தா. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து எழுப்புனேன். எந்திரிக்கல. தண்ணி தெளிச்சேன். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அவ்வளவுதான். வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டோம்.

அழுகையெல்லாம் எழுத எனக்குத் தெரியாது. அந்த வாடகை வீட்ல அதுக்கப்புறம் என்னால கால் நீட்டிப் படுக்க முடியலன்னு மட்டும் சொல்லுதேன். படுத்தா அந்தப் பாய் கிடந்த இடம் கண்ணுல படும். வருசம் திரும்பட்டும், அப்புறம் வீட்டு வேலையைப் பாப்போம்னாங்க சொந்தக்காரங்க. "உங்க வீட்லயா அவ செத்தா?"ன்னு கத்திட்டேன். சித்திரையில வேலை மறுபடி ஆரம்பிச்சுது. ஆவணிக்குள்ள பால் காய்ச்சிரணும், புரட்டாசி பிறந்தா அதுவும் முடியாதுன்னு சிவசைலம் அண்ணாச்சியைப் போட்டு நெருக்குனேன். அந்தச் சின்ன ரூமை ஸ்டோர் ரூம் ஆக்குங்கன்னும் சொல்லிட்டேன். நாலு பக்கமும் செல்ஃப். ஜன்னல் திண்டை மட்டும் இடிக்க மனசு வரல.

மேல் காங்கிரீட் போட்டு, பலகை பிரிச்ச அன்னைக்குத்தான் முதல்ல கவனிச்சேன்.

சின்ன ரூம் மேல்தட்டுல ரெண்டு கொக்கி இருந்துச்சு. நடுவுல ஒண்ணு, ஃபேனுக்கு. சரி. ஜன்னல் பக்கம் இன்னொண்ணு. தடிச்ச கம்பி. நல்லா வளைச்சு, உள்ள பிடிமானம் குடுத்து வச்சது.

தொட்டில் கொக்கி.

"அண்ணாச்சி, கேலி பண்ணுதியளா?"ன்னேன்.

அவரு முகம் செத்துப் போச்சு. "சத்தியமா நான் சொல்லல மாஸ்டர். பிளான்ல இல்ல." கம்பி கட்டுனவனுக்குப் போன் போட்டாரு. அவன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டான். "வீட்டுக்காரம்மாதான ஜன்னலுக்கு வெளிய நின்னு சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டான். பக்கத்து வீட்டுப் பொம்பளை எவளாவது சொல்லியிருப்பா, இவன் கேட்டுட்டு வச்சிட்டான்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். அறுத்து எடுத்துருவோம்னாரு அண்ணாச்சி. நான் வேண்டாம்னுட்டேன். ஏன்னு கேக்காதிய.

அடுத்தது வயரிங். வடகரைப் பையன் முஃபீத். சவுதியில இருந்து அப்பத்தான் திரும்பி வந்து அண்ணாச்சிகிட்ட சேர்ந்தவன். குழலியை அவன் பாத்ததே கிடையாது. ஒரு நாள் போய்ப் பாக்கேன்... சின்ன ரூம்ல மட்டும் ப்ளக் பாயிண்ட் எல்லாம் என் நெஞ்சு உயரத்துல வெட்டி வச்சிருக்கான்.

"என்னலே இது? கூரையில வைக்க வேண்டியதுதான?"

"அக்கா தான் சார் சொன்னாங்க. கீழ வைக்காதீங்க, கைக்கு எட்டிரும்னாங்க."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்கா. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போறப்ப வருவாங்க. உள்ள வர மாட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய நின்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. குட்டையா இருப்பாங்க. ரெண்டு பக்கமும் மூக்குத்தி."

அவன் சட்டையைப் பிடிச்சிட்டேன். எனக்குக் கோவம் முந்திக்கிடும். இன்னொரு கையால போனை எடுத்து குழலி போட்டோவைக் காட்டுனேன்.

அவன் பயப்படவே இல்ல. "இவங்கதான் சார். இதுல ஒல்லியா இருக்காங்க. இப்ப முகம் கொஞ்சம் பூசுனாப்ல ஆயிருக்கு"ன்னான்.

அவ செத்து அப்ப மூணு மாசம் ஆகியிருந்துச்சு. அதைச் சொன்னேன். முஃபீத் கையில இருந்த டெஸ்டரைக் கீழ வச்சான். திரும்பி வந்து எடுக்கவே இல்ல. வேற ஆள் வந்துதான் வேலையை முடிச்சான்.

நான் பயந்தேன்னு நினைக்கியளா? இல்ல. எனக்குச் சந்தோசம். பைத்தியக்காரன் மாதிரி சந்தோசம். என் குழலி எங்கயும் போகல, நாங்க கட்டுத வீட்டுக்குள்ள முன்னாடியே வந்து உக்காந்துட்டா! பிள்ளை ஏக்கம் தீராம போனவ, செத்த பிறகாவது தொட்டில் கட்டி மனசைத் தேத்திக்கிடுதான்னு நினைச்சேன். அண்ணாச்சிகிட்ட போய் செல்ஃப் எல்லாம் வேண்டாம், அந்த ரூமை அப்பிடியே விட்டுருங்கன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

அதுலேர்ந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அங்கனதான். பூசு வேலை முடிஞ்ச சுவரு. யாரும் தண்ணி விடாத அன்னைக்கும் சின்ன ரூம் சுவரு நனைஞ்சிருக்கும். ஹோஸ் சொட்டிக்கிட்டு கிடக்கும். நான் திண்டுக்கு எதிர்த்தாப்ல சிமெண்ட் மூட்டையில உக்காந்து பேசுவேன். "ஏட்டி, இன்னைக்கு ஒன்பதாம் வகுப்பு பயக ஒருத்தனும் நேரா நிக்கல"ம்பேன். ஹெட்மாஸ்டரைத் திட்டுவேன். பதில் வராது. ஆனா ஆள் இருக்குன்னு தெரியும். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நமக்குத் தெரியாதா?

ஒரு நாள் ஐந்தருவியில போய் அன்னாசிப் பழம் வாங்கிட்டு வந்தேன். கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவுனது. குழலிக்கு அதுன்னா உசுரு. சீசன் ஆரம்பிச்சா என்னை விரட்டி விரட்டி வாங்கியாரச் சொல்லுவா. எனக்கு ஒரு துண்டு தர மாட்டா. திண்டுல வச்சிட்டு வந்தேன்.

மறுநாள் பாத்தா, ஜன்னலுக்கு வெளிய மண்ணுல கிடந்துச்சு. ஒரு துண்டு குறையாம. குரங்கு தூக்கிப் போட்டிருந்தா தின்னுருக்கும். இது... யாரோ கையால தள்ளி விட்ட மாதிரி.

அப்பத்தான் முதல் தடவையா மனசுல ஒரு முள்ளு விழுந்துச்சு. இது குழலிதானா?

ஆடி மாசம். நாள் பூரா சாரல். மலையே தெரியல. வேலையாட்கள் நேரத்தோட கிளம்பிட்டாங்க. நான் போகும்போது மணி நாலே முக்கால். கரண்ட் இன்னும் குடுக்கல. வீட்டுக்குள்ள பாதி இருட்டு.

ஹால்ல நின்னு தலையைத் துவட்டிக்கிட்டு இருந்தேன்.

சின்ன ரூம்ல சத்தம்.

தொம்...

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல.

தொம்...

வெறுங்கால். சிமெண்ட் தரையில கனமா ஊனி வைக்குத கால். ஒரு அடி வச்சு, நின்னு, மூச்சு வாங்கி, அடுத்த அடி.

"குழலி?"ன்னேன்.

சத்தம் நின்னுச்சு.

அது அவ நடை இல்ல. இத்தனை வருசம் கேட்ட நடை எனக்குத் தெரியாதா? குழலி காலுக்குத் தரையில பாவத் தெரியாது. இது ஏதோ பெரிய உடம்பு. சுமை தூக்குன உடம்பு.

அப்புறம் அந்த மூச்சு.

உஸ்ஸ்ஸ்...

யாரோ திண்டுல உக்காருதாங்க. மெதுவா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு.

நான் அந்த ரூம் வாசப்படிக்குப் போய் எட்டிப் பாத்தேன். ஆள் இல்ல. சாரல் உள்ள அடிச்சு திண்டு பூரா நனைஞ்சிருந்துச்சு. நடுவுல மட்டும் காஞ்ச இடம். ஒரு ஆள் உக்காந்த அளவு. குழலி உக்காந்தா அதுல பாதிதான் வரும்.

பாத்துக்கிட்டு இருக்கும்போதே அந்தக் காஞ்ச இடத்துல சாரல் விழுந்துச்சு.

எந்திரிச்சிருச்சு.

தொம்...

என்னைப் பாத்து வருது.

தொம்...

சுவத்துல உள்ளங்கை உரசுத சத்தம். சர்ர்ர்...

என் முகத்துல சூடா மூச்சு.

ஓடிட்டேன். பைக் சாவி எங்கன விழுந்துச்சுன்னே தெரியல. இலஞ்சி குளத்துக்கரை வரைக்கும் நடு ரோட்டுல ஓடிட்டேன். நானு. பி.டி. வாத்தியாரு.

மறுநாள் செல்லப்பா ஆசாரிகிட்டதான் போய் எல்லாத்தையும் சொன்னேன். கதவுக்கு இழைப்புளி போட்டுக்கிட்டு இருந்தவரு நிறுத்திட்டு கேட்டாரு.

"மாஸ்டர், செத்தவங்க செத்த அன்னைக்கு எப்பிடி இருந்தாங்களோ அப்பிடியேதான் வருவாங்க. கூடாது, குறையாது. நடை மாறவே மாறாது."

"அப்ப அது...?"

"உங்க வீட்டம்மா இல்ல. முதல்ல அவங்க வந்திருக்கலாம். நீங்க தினம் உக்காந்து பேசி, பழம் வச்சு... கதவைத் திறந்து வச்ச மாதிரி ஆகிப்போச்சு. வேற எதுவோ உள்ள வந்துருச்சு."

எங்க பக்கத்துல புது வீட்ல பால் காய்ச்சுததுக்கு முந்தின ராத்திரி தச்சு கழிப்பாங்க. மரத்தோட வந்தது, மண்ணோட வந்தது, கட்டும்போது வந்து ஒண்டுனது எல்லாத்தையும் ஆசாரி வெளியேத்திட்டுத்தான் வீட்டைக் கையில குடுப்பாரு. வீட்டுக்காரங்க யாரும் அதைப் பாக்கக் கூடாது. அதைச் செய்யாம எந்த ஆசாரியும் சாவி தர மாட்டாரு. நான் குழலியை நினைச்சு, நம்ம வீட்டுக்குத் தச்சு கழிக்கக் கூடாதுன்னு அவருகிட்ட முன்னாடியே சண்டை போட்டிருந்தேன். கழிச்சா அவளும்ல போயிருவா?

இப்ப அவரு கேட்டாரு. "சொல்லுங்க மாஸ்டர். உள்ள இருக்கது உங்க வீட்டம்மாதான்னு சத்தியம் பண்ணுவியளா? பண்ணுங்க. நான் விட்டுருதேன்."

மூணு நாள் யோசிச்சேன். அந்த நடை காதுக்குள்ளயே கேட்டுச்சு. அன்னாசிப் பழம் கண்ணு முன்னாடி வந்துச்சு. அவளா இருந்தா என்னை ஏன் இப்பிடி விரட்டணும்? அவளா இருந்தா, கூப்பிட்டதும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாளா?

சத்தியம் பண்ண முடியல. கழிச்சிருங்கன்னுட்டேன்.

ஆவணி கடைசி முகூர்த்தம். சத்தமில்லாம பால் மட்டும் காய்ச்சுததுன்னு ஏற்பாடு. எங்க அக்காவும் மச்சானும் விடியக்காலம் வந்து காய்ச்சுவாங்க. முந்தின ராத்திரி செல்லப்பா ஆசாரி ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு சேவல், பூசணிக்காய், வைக்கோல் எல்லாம் எடுத்துக்கிட்டு உள்ள போனாரு. வைக்கோலை ஒரு உருவமாக் கட்டி, ஒவ்வொரு ரூமா இழுத்துக்கிட்டு வந்து, வெளிய கொண்டு போய்க் கொளுத்துதது அவரு முறை.

என்னைத் தெரு முக்குல நிக்கச் சொல்லிட்டாரு. நின்னேன்.

சேவல் ஒரு தடவை கத்துச்சு. அப்புறம் இல்ல.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

அப்புறம் மேக்கு ஜன்னல் கதவு...

டப்.

டப்.

காத்து இல்ல. தென்னை ஓலைகூட அசையல.

டப்.

உள்ள யாரோ முனகுத மாதிரி. சுமை தூக்க முடியாம முனகுதாங்கல்ல... அந்த மாதிரி.

பின்வாசல் பக்கம் நெருப்பு தெரிஞ்சுது. வைக்கோல் எரிஞ்சு முடிஞ்சுது.

ஆசாரி வந்தாரு. சட்டை தொப்பமா நனைஞ்சிருந்துச்சு. எத்தனையோ வீட்டுக்குக் கழிச்ச மனுசன்.

"போயிருச்சா?"

"போயிருச்சு மாஸ்டர். லேசுல போகல. மத்த ரூமெல்லாம் சடசடன்னு முடிஞ்சுது. சின்ன ரூம்ல வைக்கோல் நகர மாட்டேங்கு. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்."

"ஏதும் பேசுச்சா?"

அவரு துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சாரு.

"தவணை கேட்டுச்சு. பத்து நாள் பொறுங்க... பத்தே பத்து நாள்... அப்புறம் நானே போயிருதேன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னிய?"

"எல்லாமே தவணை கேக்கும். குடுத்தா அப்புறம் கிளம்பாது. இழுத்துட்டு வந்துட்டேன்."

விடியக்காலம் அக்கா பால் காய்ச்சுனா. நல்லா பொங்குச்சு. அன்னையிலேருந்து வீட்ல ஒரு சத்தமும் இல்ல. சுவரெல்லாம் ரெண்டு நாள்ல காஞ்சு போச்சு. நான் சின்ன ரூம்ல போய் உக்காந்து பாத்தேன். பேசியும் பாத்தேன். வெறும் ரூம். பக்கத்துல ஆள் இருந்தா நமக்குத் தெரியும்னேன்ல? இல்லைன்னாலும் தெரியும்.

சரி, தொல்லை விட்டுதுன்னு இருந்தேன். அழுகை வந்தா அழுதேன். இதோட முடிஞ்சிருந்தா இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஐப்பசியில சிவசைலம் அண்ணாச்சி போன் பண்ணாரு. சுரண்டையில ஒரு டாக்டரம்மாவுக்கு வீடு கட்டிக் குடுக்கப் போறாராம். முடிஞ்ச வீடு ஒண்ணு பாக்கணும்னு கேக்காங்களாம். கூட்டிட்டு வரட்டுமான்னாரு. வாங்கன்னேன். ஞாயித்துக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தாங்க. பேரு அனுசியா. பிரசவ டாக்டர். கலகலன்னு பேசுத அம்மா. வெளிப்படிக்கு அண்ணாச்சி காரணம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சின்ன ரூமுக்குள்ள போய் அண்ணாந்து பாத்தாங்க.

"தொட்டில் கொக்கி, ப்ளக் எல்லாம் உயரத்துல... குழந்தைக்குன்னு யோசிச்சுக் கட்டியிருக்கீங்க சார். எனக்கும் இதே மாதிரி ஒரு ரூம் வேணும் இன்ஜினியர் சார்."

நான் காபி போடப் போனேன்.

டம்ளரோட திரும்பி வந்தா, டாக்டரம்மா ஹால்ல குழலி போட்டோவுக்கு முன்னாடி நிக்காங்க. மாலை போட்ட போட்டோ. சிரிப்பே இல்ல.

"இது... குழல்வாய்மொழி தான?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் பேஷண்ட் சார். ஐயோ... பிரசவத்துலயா போயிட்டாங்க?"

டம்ளர் எப்பக் கீழ விழுந்துச்சுன்னு தெரியல. அண்ணாச்சிதான் என்னைப் பிடிச்சு உக்கார வச்சாரு.

டாக்டரம்மா சொன்னதை அப்பிடியே சொல்லுதேன். தை கடைசியில முதல் தடவை வந்தாளாம். உண்டாகியிருந்துச்சாம். தென்காசியில காட்டுனா தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னுதான் சுரண்டை வரைக்கும் வந்ததா சொன்னாளாம். "இவியளுக்கு வாய் நிக்காது டாக்டர். ரெண்டு தடவை தங்கல. இந்தத் தடவை நாலு மாசம் தாண்டட்டும், சொல்லிக்கிடுதேன்"னு சிரிச்சாளாம்.

"அப்புறம் மாசா மாசம் தவறாம வந்தாங்க சார். மத்தியானம், கூட்டமெல்லாம் போன பிறகு. தனியாத்தான் வருவாங்க. எப்பவும் சேலை நனைஞ்சிருக்கும். வீட்டுச் சுவத்துக்குத் தண்ணி விட்டுட்டு வரேன்பாங்க. கடைசி மாசம் நடக்கவே முடியல, பாவம். சின்ன உடம்பு, பெரிய வயிறு. ஒரு அடி வச்சா நின்னு மூச்சு வாங்குவாங்க. அன்னாசி, பப்பாளி எதுவும் சாப்பிடாதீங்கன்னு நான் சொன்னதை ஒண்ணு விடாம கேட்டாங்க."

"கடைசியா... எப்ப வந்தா?"

"ஆவணி கடைசியில. எல்லாம் நல்லா இருந்துச்சு. குழந்தை தலை திரும்பிருச்சு. துடிப்பு அவ்வளவு நல்லா இருந்துச்சு. இன்னும் பத்து நாள்தான், வந்து சேர்ந்துருங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் வரவே இல்ல. வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

அண்ணாச்சிதான் சொன்னாரு. குழலி செத்தது மாசி மாசம்னு. டாக்டரம்மா அவரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மாலையைப் பாத்தாங்க. சுவத்துல சாஞ்சு அப்பிடியே தரையில உக்காந்துட்டாங்க. அவங்க கைதான அந்த வயித்தைத் தொட்டுப் பாத்தது?

பத்து நாள். வருசம் திரும்பட்டும்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. புரட்டாசி கழியட்டும்னு நான் இருந்திருக்கலாம். புரட்டாசிக்குப் பயந்து அடிச்சுப் பிடிச்சு, என் பொண்டாட்டியை நிறைமாசத்துல, வைக்கோலைக் கட்டி வீட்டை விட்டு இழுத்துப் போட்டுட்டேன். அவ பேசலைன்னுதான சந்தேகப்பட்டேன்? பேசினா. தவணை கேட்டா. பிள்ளையைப் பெத்துட்டு நானே போயிருதேன்னா. நான் தெரு முக்குல நின்னுக்கிட்டு இருந்தேன்.

செல்லப்பா ஆசாரிகிட்ட போய், திருப்பிக் கூப்பிட வழி இருக்கான்னு கேட்டேன். அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. கழிச்சது கழிச்சதுதான்னாரு.

அன்னைக்கு டாக்டரம்மா கிளம்பும்போது காருக்குப் பக்கத்துல போய் நின்னேன். கேக்கலாமா வேண்டாமான்னு நின்னு, கேட்டுட்டேன்.

"என்ன பிள்ளைம்மா? ஆணா, பொண்ணா?"

அவங்க கண்ணைத் துடைச்சாங்க.

"அதை நாங்க பாத்துச் சொல்லக் கூடாது சார். சட்டம். நான் பாக்கவே இல்ல."